அப்புறம் பொன்னா என்ன ஆனாள்?

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைப் படித்து முடித்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பிள்ளையில்லாத பெண்கள் வேற்றாணோடு கூடிப் பிள்ளை பெறலாம் என்று நாவல் சொல்லும் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்கு மனைவி பொன்னா போய்விட்டாள் என்று தெரிந்ததும், புருஷன் காளி தன் தொண்டுப்பட்டிக்குத் திரும்புகிறான். பூவரச மரத்தடியில் அவனை விட்டுவிட்டுக் கதை நின்றுவிடுகிறது. தூக்கு மாட்டிக்கொண்டானா, இல்லையா? பொன்னா திரும்பி வந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்? வயிற்றில் ஏதாவது தங்கியதா? 2010இல் வந்த நாவலுக்கு 2014இல் பதில் வந்தது. ஒரு பதில் போதாதென்று இரண்டு வந்தன. 'ஆலவாய'னில் காளி செத்துப்போகிறான். 'அர்த்தநாரி'யில் பிழைத்துக்கொள்கிறான். முதல் பாகம் ஒன்று, அதற்கு ஒன்றையொன்று மறுக்கும் இரண்டாம் பாகங்கள் இரண்டு. தமிழ் நாவலில் இது அபூர்வம்.

இரண்டாம் பாகம் என்றாலே நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். 'பர்ஸ்ட் பார்ட் மாதிரி இல்லீங்க.' சினிமாவுக்குச் சொல்வதைத்தான் புத்தகத்துக்கும் சொல்வார்கள். சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடுவதற்குப் பெரும்பாலும் நேரமிருப்பதில்லை. விடுதியோடு கூடிய பள்ளிகளுக்குப் பேர்போன சீமை இது. பிளஸ் டூ முடியும்வரை மதிப்பெண்தான் இலக்கியம். ஆகவே கதைப் படிப்பு இங்கே கல்லூரி முதலாண்டில், கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்குகிறது. தொடங்கினால் வரிசையாக வரும் கதைகளில்தான் தொடங்குகிறது: ஹாரி பாட்டர், பொன்னியின் செல்வன், சுஜாதா. ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் அடுத்தது எங்கே என்று தேடுகிற வயது அது. அந்த வயதின் கேள்வியை வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு கதையின் தொடர்ச்சி எப்படியெல்லாம் எழுதப்பட்டது, எது தேறியது, எது தேறவில்லை என்று பார்க்கலாம். கடைசியில் மறுபடியும் திருச்செங்கோட்டுக்கே வரவேண்டியிருக்கும். அதற்கு ஊர்ப்பாசம் காரணமில்லை. இந்தச் சங்கதியில் அந்த ஊருக்கு நிஜமாகவே பங்கிருக்கிறது.

கொங்கு நாட்டில் தொடர்கதைக்கு அச்சு யந்திரம் தேவைப்படவில்லை. உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் சாமி கதை ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. குன்னுடையாக் கவுண்டனும் தாமரையும் பட்ட பாடு முதல் பாகம் என்றால், அவர்கள் பிள்ளைகள் பொன்னரும் சங்கரும் வாழ்ந்து மடிவது அடுத்த பாகம். பதினாறு வயது வரைக்கும்தான் ஆயுள் என்று வரம் வாங்கிப் பிறந்த பிள்ளைகள். இந்தக் கதையின் நாயகர்கள் விடலைகள் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. சிலைகளில் மீசை முறுக்கி நிற்பதால் அந்த நினைப்பு வருவதில்லை. அவர்கள் செத்துவிழும் கட்டத்தோடு கதை முடிந்துவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் எழுந்து வீட்டுக்குப் போகாது. தங்கை தங்காள் காட்டில் தேடி அலைந்து உடல்களைக் கண்டுபிடித்து, தீர்த்தம் தெளித்து எழுப்புகிறாள். எழுகிறார்கள், இரண்டு வார்த்தை பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். படுகளச் சடங்கில் இன்றைக்கும் ஆட்கள் மூர்ச்சையாகி விழுவதும் தண்ணீர் தெளித்து எழுப்பப்படுவதும் உண்டு. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து பிற்காலத்தில் நூலாகவும் இயங்குபடத் தொடராகவும் கொண்டுவந்தார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கேட்பவர்கள் விரும்புகிற உயிர்த்தெழுதலைக் கதை கொடுக்கிறது. கொடுத்த கையோடு பிடுங்கிக்கொள்கிறது. தொடர்ச்சி கேட்கும் மனசை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட எழுத்து பின்னால் அச்சில் வந்தவற்றிலும் கொஞ்சம்தான்.

ஏட்டில் வந்த இரண்டாம் பாகம் என்றால் மணிமேகலைதான். இரட்டைக் காப்பியம் என்று பள்ளியில் ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறோம். சிலம்பு முடிந்த பிறகு அதில் பக்கவாட்டில் நின்ற ஒரு சிறுபெண்ணை எடுத்து நடுவில் வைத்தார் சாத்தனார் என்பது ஒப்பிக்கும்போது மனசில் பதிவதில்லை. தமிழின் முதல் தொடர்ச்சி நூல் ஒரு இளம்பெண்ணின் கதை. அரசகுமாரன் உதயகுமாரன் பின்னால் சுற்றுகிறான். பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு இழுக்கிறாள். தாய் மாதவி துறவில் இருக்கிறாள். பெண்ணோ மணிபல்லவத் தீவுக்குப் போய், தன் முற்பிறப்பைத் தெரிந்துகொண்டு, அமுதசுரபியோடு திரும்பி வந்து, சிறைக்கூடத்தை அறக்கூடமாக்குகிறாள். மாயத்தீவு, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், உருவம் மாறும் மந்திரம் என்று இன்றைய இளையோர் தொடர்களில் உள்ளதெல்லாம் இதில் இருக்கிறது. அதையும்விடப் பெரிய சங்கதி வஞ்சி நகரில் நடக்கிறது. கண்ணகி கோயிலுக்குள் போகும் மணிமேகலை அவளிடமே கேள்வி கேட்கிறாள். கண்ணகி, மதுரையை எரித்த கோபத்துக்கும் வினைப்பயன் உண்டு, அதை அனுபவிக்காமல் தீராது என்று ஒப்புக்கொள்கிறாள். முதல் நூலின் தெய்வத்தை இரண்டாம் நூலின் சிறுமி பதில் சொல்ல வைக்கிறாள்!

இந்த ஒரு காட்சியால்தான் மணிமேகலையை ஒரு தேறிய தொடர்ச்சி என்பேன். மற்றபடி சமயவாதிகள் வரிசையாக வந்து தத்தம் கொள்கையை விளக்கும் பகுதிகள் எந்தக் காலத்து இளைஞனுக்கும் தூக்கம் வரவழைக்கக்கூடியவை. ஆனால் இந்தக் காப்பியம் பேசும் பௌத்தம் ஏதோ தூரத்துச் சங்கதியும் இல்லை. சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளை ஏற்காட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் பள்ளிகள் ஒருமுறை அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினால் மணிமேகலைப் பாடம் கொஞ்சம் எளிதாகும்.

அச்சுக் காலத்துக்கு வருவோம். ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து 1929இல் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை வந்தது. அதன் வேலைகளைப் பார்த்தவர் அப்போது முப்பது வயதைத் தொட்டிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி. பிற்பாடு அவர் கல்கி என்ற பேரில் தமிழ்நாட்டையே வாராவாரம் காத்திருக்க வைத்தார். கள்ளுக்கடையை மூடச் சொல்லிக் கதையும் கட்டுரையும் எழுதிப் பழகிய கைதான் பின்னால் வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றியது. இந்தச் சமவெளியில் புதுப்பாளையத்தைத் தாண்டித் தினம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியாது.

கல்கியின் வழக்கம் விசித்திரமானது. பல்லவர் கதையில் பின்னால் நடப்பதை முதலில் எழுதினார். 'பார்த்திபன் கனவு' வந்த பிறகுதான், அதில் வயதான மன்னராக வரும் நரசிம்மவர்மரின் இளமைக்காலத்தைச் 'சிவகாமியின் சபத'மாக எழுதினார். முடிவு தெரிந்த கதைக்கு முன்கதை எழுதுவது கடினமான வேலை. சிவகாமிக்கும் நரசிம்மருக்கும் கல்யாணம் நடக்காது என்று முதல் புத்தகத்தைப் படித்தவருக்கு முன்னமே ஊகம் இருக்கும். இருந்தும் கல்கியின் மூன்று பெரிய சரித்திர நாவல்களில் எனக்குப் பிடித்தது 'சிவகாமியின் சபதம்'தான். 'அப்புறம் என்ன' என்ற கேள்வியை எடுத்துவிட்டால் வாசகன் 'ஏன் இப்படி ஆயிற்று' என்று கேட்க ஆரம்பிக்கிறான். அந்தக் கேள்வி நாவலைப் பெரிதாக்குகிறது.

1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அது முடிந்தபோது வாசகர்கள் திருப்தியடையவில்லை. மூன்றரை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு வந்தியத்தேவன்-குந்தவை கல்யாணமும் கிடைக்கவில்லை, அருள்மொழிவர்மனின் பட்டாபிஷேகமும் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு பெண்ணின் சாவுதான் இருந்தது. கல்கி முடிவுரை ஒன்று எழுதி, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. இன்று அதைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நாவலாசிரியர் சரித்திர வாத்தியாராகி வரிசையாகப் பதில் சொல்கிறார். ஆனால் அவர் புத்திசாலி. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிவிட்டு இன்னொரு நாவலை இழுக்காமல் சில பக்கத்தில் கணக்கை முடித்துக்கொண்டார். அதே 1954 டிசம்பரில் அவர் காலமானார். விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பிறகு வேறு சிலரும் எழுதினார்கள். மணிரத்னத்தின் படங்கள் 2022, 2023இல் வந்தபோது புதிதாகப் புத்தகம் வாங்கிய பிள்ளைகள் இந்தத் தொடர்ச்சிகளையும் தேடினார்கள். விக்கிரமன் சலிப்பில்லாத எழுத்தாளர்தான், ஆனால் வாசகனுக்கு வேண்டிய கல்யாணத்தை நடத்தி வைப்பதில் அவருக்கு ஒரு பந்தக்கால் உற்சாகம் இருக்கிறது. பிறர் பெற்ற பாத்திரத்தை வளர்க்கிறவருக்கு அதைத் தண்டிக்கும் துணிச்சல் லேசில் வராது.

வாசகன் கேட்டதைக் கொடுப்பதா மறுப்பதா என்ற சண்டை எங்கும் உண்டு. அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட் 1868இல் நான்கு சகோதரிகளின் கதையை எழுதினார். 'லிட்டில் விமன்' என்ற அந்தப் புத்தகம்தான் இன்று இளையோர் நாவல் என்று சொல்லும் வகைக்கு ஒரு மூலவர். முதல் பகுதி வந்ததுமே சிறுமிகள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். ஜோவை அடுத்த வீட்டு லாரிக்குக் கட்டிவைக்கவேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆல்காட் வீம்பாக மறுத்தார். 1869இல் வந்த இரண்டாம் பகுதியில் ஜோவை வயதில் மூத்த ஜெர்மன் பேராசிரியருக்குக் கட்டிக் கொடுத்தார். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அந்தக் கல்யாணத்தை மன்னிக்காத வாசகிகள் இருக்கிறார்கள்; புத்தகமும் அச்சில் இருக்கிறது. ஷெர்லக் ஹோம்ஸ் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. 1893இல் அருவியில் தள்ளிக் கொன்ற ஆளை வாசகர் கூச்சலுக்கும் பதிப்பாளர் பணத்துக்கும் பணிந்து 1903இல் கானன் டாயில் உயிரோடு கொண்டுவந்தார். பிந்திய கதைகளில் பல முந்தியவற்றின் தரத்துக்கு வரவில்லை என்பது ஹோம்ஸ் பித்தர்களே ஒப்புக்கொள்வது.

தமிழில் இந்தச் சண்டையை நேருக்கு நேர் போட்டவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழைநாளில் காரில் ஏற்றிக்கொண்ட ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள் ஒரு கல்லூரி மாணவி. தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை பெரிய சண்டையைக் கிளப்பியது. ஒரு தாய் இப்படிச் சொல்வாளா என்று கேட்டவர்கள் ஒரு பக்கம், சொல்லவேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம். ஜெயகாந்தன் எதிர்ப்பாளர்களுக்குப் பதில் கட்டுரை எழுதி நிறுத்தவில்லை. சரி, அந்தத் தாய் நீங்கள் எதிர்பார்த்தபடியே கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் பாருங்கள் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதன் நாயகி கங்கா, பத்திரிகையில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் படிக்கிறாள். இது தன் கதை, ஆனால் தன் அம்மா இப்படிச் செய்யவில்லையே என்று நினைக்கிறாள். முதல் கதை இரண்டாவது கதைக்குள் ஒரு பொருளாகக் கிடக்கிறது. 1972இல் இந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கிய படமும் பேசப்பட்டது.

வாசகரின் ஆட்சேபத்தை எடுத்து அவர்கள் முன்னாலேயே விரித்து, விலையைக் காட்டிய எழுத்து இது. தொடர்ச்சி என்ற வகையில் இதற்கு மிஞ்சியது இன்னும் வரவில்லை என்று துணிந்து சொல்வேன். அதற்கு அடுத்து அவரே எழுதிய 'கங்கை எங்கே போகிறாள்' அந்த உயரத்துக்கு வரவில்லை. காரணம் சுலபமாகப் புரிகிறது. இரண்டாவது புத்தகத்துக்கு ஒரு வாதம் இருந்தது. மூன்றாவதுக்குக் கங்காவின் மேல் அனுதாபம்தான் இருந்தது. குடியும் புகையும் தனிமையுமாக விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கு ஒரு கரை காட்டவேண்டும் என்று வாசகர் ஆசைப்பட்டார்கள். ஆசிரியரும் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டார்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் இளையோருக்கென்றே தமிழில் அமைந்த சோடி. விகடனில் தொடராக வந்தபோது அதற்கு அப்படி ஒரு முத்திரை குத்தப்படவில்லை, ஆனால் அதைக் கட்டிக் காத்தவர்கள் பதின்வயது வாசகர்கள்தான். பேசும், புத்தகம் படிக்கும், எஜமானியையே திருத்தும் இயந்திர நாய் ஜீனோவுக்காகப் படித்தார்கள். முதல் பாகத்தில் சர்வாதிகாரத்தின் பின்னால் இருந்தது ஒரு பொம்மலாட்டம் என்று தெரிகிறது. நாயகி நிலா அரியணையில் உட்காருகிறாள். இரண்டாம் பாகத்தில் அந்த அரியணையே அவளுக்குச் சிறையாகிறது. இங்கே சுஜாதா சாமர்த்தியமாக ஒன்று செய்தார். புரட்சி ஜெயித்த பிறகு என்ன என்ற கேள்வியை நாயின் பார்வைக்கு மாற்றிவிட்டார். முதல் பாகத்தில் துணைப் பாத்திரமாக இருந்த ஜீனோ இரண்டாம் பாகத்தில் தலைப்புக்கே வந்துவிடுகிறது. வேகமும் வசன நயமும் குறையவில்லை, ஆனால் நிலா சுருங்கிவிட்டாள். பதினேழு வயதில் படித்தால் ஜீனோ போதும். மறுபடி முப்பது வயதில் எடுத்தால் நிலாவைத் தேடுவீர்கள்.

இனி திருச்செங்கோடு. மூன்று நாவல்களும் நடப்பது வெள்ளைக்காரன் காலத்தின் கடைசிப் பகுதியில். ரிக் வண்டிகளும் விசைத்தறியும் கோழிப்பண்ணையும் வருவதற்கு முந்திய மானாவாரிக் காடு, ஆட்டுப்பட்டி, கடலைக்கொடி, கள்ளு. பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாத தம்பதி. அவர்களுக்குள் குறையாத ஆசை, வெளியே குறையாத ஏச்சு. 'மாதொருபாகன்' அந்த ஏச்சைப் பற்றிய நாவல். அண்ணன் முத்துவும் வீட்டாரும் காளி சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லிப் பொன்னாவைத் தேருக்கு அனுப்புகிறார்கள். அவளுக்கு அது பொய்யென்று தெரியாது. தொடர்ச்சிகளுக்கான வித்து இந்தப் பொய்யில்தான் இருக்கிறது. காளி சாவதும் வாழ்வதும் அதற்குப் பிந்தியவை.

'ஆலவாயன்' காளியின் சாவோடு தொடங்குகிறது. முதல் நாவலில் முக்கால் பங்கு அவன் மனசுக்குள் இருந்தோம். இப்போது அவன் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பெண்கள் நிரப்புகிறார்கள். மாமியார் சீராயி, அம்மா வல்லாயி, பொன்னா. மூன்று பேரும் ஒரு வீட்டில், ஒரு காட்டில். தன்னைத் தண்டிக்கவே அவன் செத்தான் என்ற நினைப்பு பொன்னாவை விடுவதில்லை. அவனோடு வாழ்ந்த நல்ல நாட்களும் விடுவதில்லை. இந்த நாவலில் சம்பவம் குறைவு என்று இளம் வாசகர்கள் குறைப்படுகிறார்கள். 'இழுவை' என்பது அவர்கள் சொல். ஆனால் துக்கம் அப்படித்தான் போகும். பொழுது விடிந்தால் ஆட்டை ஓட்டவேண்டும், களை வெட்டவேண்டும். வேலை செய்யச் செய்ய அழுகை பின்தள்ளிப் போவதைப் பெருமாள்முருகன் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். பண்ணயம் தெரிந்த ஒருவர்தான் அந்தப் பக்கங்களை எழுத முடியும்.

'அர்த்தநாரி'யில் காளி உயிரோடிருக்கிறான், ஆனால் பேசுவதில்லை. தன்னை முழுசாக வஞ்சித்துவிட்டாள் என்று நம்பி அவளைத் தண்டிக்கிறான். பொன்னாவுக்கோ தான் செய்யாத குற்றத்துக்கு ஏன் பிராயச்சித்தம் செய்யவேண்டும் என்ற கோபம். ஒரே தோட்டத்தில் இரண்டு பேர், நடுவில் மௌனம். கேள்வி என்ற அளவில் இது 'ஆலவாய'னைவிடக் கூர்மையானது. செத்தவனோடு சண்டை போட முடியாது; இருக்கிறவனோடு தினமும் போட்டாகவேண்டும். ஆனால் நாவலாக இது சிறுத்துவிடுகிறது. காளியின் மௌனம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. முதல் நாவலில் நம்மைச் சிரிக்க வைத்த, ஆசையும் குசும்பும் உள்ள ஆள் இங்கே ஒரு பிடிவாதமாக மட்டும் மிஞ்சுகிறான்.

ஜெயகாந்தனின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், 'ஆலவாயன்' முதல் நாவலின் நாயகனை விசாரிக்கிறது. 'நீ செத்துப்போய் என்ன நிரூபித்தாய்' என்று. 'அர்த்தநாரி' அவன் தீர்ப்பை விசாரிக்கிறது. இரண்டுமே தொடர்ச்சிக்குரிய நியாயத்தைச் செய்கின்றன. இருந்தும் பொய் சொல்லி அனுப்பிய குடும்பத்தையும், பிள்ளையில்லாதவர்களை ஏசிய ஊரையும் முதல் நாவல் நிறுத்திய அளவுக்குக் கூண்டில் நிறுத்துவதில்லை. கேள்வி புருஷன் பெண்டாட்டிக்குள் ஒடுங்கிவிடுகிறது. திறந்த முடிவுதான் நல்லது, அதைக் கெடுத்திருக்க வேண்டாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பாதிதான் ஒப்புதல். ஒரே ஒரு தொடர்ச்சி எழுதியிருந்தால் கெட்டிருக்கும். இரண்டு எழுதியதால் முடிவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். விளையாட்டில் ஒரு முடிவு பிடிக்காவிட்டால் மறுபடி ஆடி வேறு முடிவுக்குப் போய்ப் பழகியவர்கள் அவர்கள். 'எது நிஜம்' என்று கேட்டுத் தவிப்பது மூத்த தலைமுறைதான்.

இவ்வளவும் நிதானமாகப் பேசியிருக்கவேண்டிய நேரத்தில் வேறு நடந்தது. 2014 டிசம்பர் கடைசியில் திருச்செங்கோட்டில் 'மாதொருபாகன்' பிரதிகள் கொளுத்தப்பட்டன. 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். தன் புத்தகங்களை விற்கவேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பளித்து, அவர் மறுபடி எழுதவேண்டும் என்றது. இவையெல்லாம் நாடறிந்தவை. கவனிக்காமல் விட்டது ஒன்றுண்டு. இந்த அமளியில் சிக்கிக் காணாமல் போனவை புதிதாக வந்திருந்த இரண்டு தொடர்ச்சிகள். முதல் நாவலைப் படிக்காமலே பேசியவர்கள் ஆயிரக்கணக்கில். பொன்னா அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்க அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில் 2018இல் இரண்டும் ஆங்கிலத்தில் வந்த பிறகு வெளியூரில் கிடைத்த விமர்சனம், உள்ளூரில் தமிழில் கிடைத்ததைவிட அதிகம் என்பது கூச்சப்படவேண்டிய விஷயம்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இந்த மூன்றும் இளையோர் நாவல்களா? இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. பதினெட்டு வயது தாண்டியவர் தாராளமாகப் படிக்கலாம். பெருமாள்முருகனிடம் பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய நாவல்கள் வேறே இருக்கின்றன. சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களைப் பற்றிய 'நிழல்முற்றம்', ஆடு மேய்க்கும் பண்ணயத்துச் சிறுவர்களைப் பற்றிய 'கூளமாதாரி'. இந்தச் சமவெளிப் பையன்களைப் பற்றி இவற்றுக்கு மேல் எழுதப்படவில்லை. அந்தப் பையன்கள் வளர்ந்து என்ன ஆனார்கள்? ரிக் வண்டி ஏறி வடநாட்டுக்குப் போனார்களா, சங்ககிரியில் லாரி கிளீனராகப் போனார்களா, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினார்களா? தொடர்ச்சி கேட்டு நிற்கும் கதைகள் என்றால் என் பட்டியலில் இவை இரண்டும்தான் முதலில் வரும்.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ள'னைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். இந்தச் சீமைக்காரர் எழுதிய சாகசக் கதை. 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகி, தமிழும் சிங்களமும் உட்பட ஆறு மொழிகளில் அதே கதை எடுக்கப்பட்டது. அடுத்த பாகம் எடுப்பதைவிட அதே பாகத்தை அடுத்த மொழியில் எடுப்பது லாபம் என்று அந்தக் காலத்து முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். இந்தக் காலத்தில் அது தலைகீழ்.

இளையோர் நாவல் என்ற வகை இப்போதுதான் தமிழில் தனியாக நிற்கத் தொடங்கியிருக்கிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அடுத்த ஆண்டு யூமா வாசுகியும், அதற்கடுத்து 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்காக விஷ்ணுபுரம் சரவணனும் பெற்றார்கள். நல்ல வரிசை. ஆனால் ஒரு பாத்திரத்தைப் பன்னிரண்டு வயதில் எடுத்து, புத்தகத்துக்குப் புத்தகம் வளர்த்து, பதினெட்டில் விடும் தொடர் நம்மிடம் இல்லை. முன்பு வாரப் பத்திரிகை அந்த வேலையைச் செய்தது. தொடர்கதை போனபோது வாராவாரம் காத்திருந்த கூட்டமும் போயிற்று. பதிப்பாளருக்கு முதல் புத்தகம் ஆயிரம் பிரதி விற்குமா என்பதே கவலை. இரண்டாவதற்கு எப்படித் துணிவார்? பள்ளி நூலகங்கள் வாங்கினால் துணிவார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பாகத்தை வாங்கி நிறுத்திக்கொள்கிறார்கள். அலமாரியில் பொன்னியின் செல்வன் முதல் பாகமும் நான்காம் பாகமும் மட்டும் இருக்கும் நூலகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரி நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று நாவல்களையும் சேர்த்தே வாங்குங்கள், சேர்த்தே அடுக்குங்கள். படிக்கப் போகிறவர்கள் 'மாதொருபாகன்' முடித்ததும் 'அர்த்தநாரி'யை எடுக்கலாம். 'ஆலவாய'னைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் பொன்னாவுக்குச் சொந்தமான புத்தகம் அதுதான்.